பழைய கப்பல், புதிய பயணம்: மூலக்கதைக்கு உண்மையாக இருப்பது எப்படி?

நின்றுபோன தொலைக்காட்சித் தொடர் ஒன்று மீண்டும் வரப்போகிறது என்றால் அதன் ரசிகர்கள் மகிழ்ச்சியில் துள்ளுவார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்ததோ வேறு. ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற விண்வெளித் தொடரின் 25-ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாட அதன் ரசிகர்கள் கூடியிருந்தார்கள். அத்தொடரைப் புதிதாக எழுதியிருந்த ரோனால்ட் டி. மூர் அவர்கள் முன்னிலையில் தோன்றிப் புதிய காட்சிகளைப் பற்றிப் பேசினார். அவருக்குக் கிடைத்த வரவேற்பு எதிர்ப்புக் கூச்சல்தான்.

அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கால் நூற்றாண்டாக அந்தத் தொடர் திரும்பி வரவேண்டும் என்று கடிதம் எழுதியும் கூட்டம் போட்டும் காத்திருந்தவர்கள் அவர்கள். கேட்டது கிடைத்தது, ஆனால் கேட்ட உருவத்தில் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பிடித்த வீரன் ஸ்டார்பக் புதிய கதையில் பெண்ணாகிவிட்டான். நண்பன் பூமரும் பெண்ணாகிவிட்டான். எதிரிகளான சைலன் இயந்திரங்கள் மனித உருவில் நடமாடின. ‘இது எங்கள் கலாக்டிகா இல்லை’ என்று அவர்கள் சொன்னதில் வியப்பில்லை.

பழைய கதையைக் கையில் எடுத்துப் புதிதாகச் சொல்வதை ஆங்கிலத்தில் ‘ரீபூட்’ என்கிறார்கள். கணினியை அணைத்து மறுபடி இயக்குவதைக் குறிக்கும் சொல் அது. தமிழில் மறுதொடக்கம் எனலாம். கடந்த இருபது ஆண்டுகளில் அறிவியல் புனைகதைத் துறையில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றுதான். மூலக்கதைக்கு உண்மையாக இருப்பது என்றால் எதற்கு உண்மையாக இருப்பது? பெயர்களுக்கா, உருவங்களுக்கா, நிகழ்ச்சிகளுக்கா, அல்லது அந்தக் கதை முதன்முதலில் எழுப்பிய கேள்விக்கா? இதைப் பேசுவதற்குக் கலாக்டிகாவை விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஏனென்றால் அந்த ஒரே கதை இருமுறை திரும்பி வந்தது. ஒருமுறை அதைப் படைத்தவர் கையாலேயே வந்தது. இன்னொரு முறை வெளியாள் ஒருவர் கையால் வந்தது.

1978-இல் தொடங்கிய கதை

‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் 1977 மே மாதம் வெளிவந்து உலகையே கலக்கியது. அடுத்த ஆண்டே, 1978 செப்டம்பர் 17-ஆம் தேதி, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் கலாக்டிகா அரங்கேறியது. தயாரிப்பாளர் கிளென் லார்சன். ஸ்டார் வார்ஸ் படத்தின் காட்சித் தந்திரங்களுக்காக ஆஸ்கார் பெற்ற ஜான் டைக்ஸ்ட்ராவே இங்கும் அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தார். ஒரு பகுதிக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் டாலர் செலவானதாகச் சொல்லப்பட்டது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக்கு அது மலைக்க வைக்கும் தொகை. ஸ்டார் வார்ஸைத் தயாரித்த டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம், ‘எங்கள் படத்தைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்’ என்று யுனிவர்சல் நிறுவனத்தின்மீது வழக்கே போட்டது.

கதை இதுதான். தொலைதூர விண்வெளியில் பன்னிரண்டு கோள்களில் மனிதர்கள் வாழ்கிறார்கள். சைலன் என்ற இயந்திர இனத்தோடு ஆயிரம் ஆண்டுப் போர். கடைசியில் சமாதானம் பேசலாம் என்று சைலன்கள் அழைக்கிறார்கள். மனிதத் தலைவர்கள் நம்பிப் போகிறார்கள். பால்டர் என்ற துரோகி நடுவில் நின்று காரியத்தை முடிக்க, ஒரே இரவில் பன்னிரண்டு கோள்களும் சாம்பலாகின்றன. மிஞ்சியது கலாக்டிகா என்ற ஒரே ஒரு போர்க்கப்பல். அதன் தளபதி அடாமா, தப்பிப் பிழைத்த மக்களைக் கிடைத்த கப்பல்களில் ஏற்றிக்கொண்டு, பழைய நூல்களில் சொல்லப்பட்ட பதின்மூன்றாவது குடியேற்றமான பூமியைத் தேடிப் புறப்படுகிறார்.

இங்கே ஒரு விநோதத்தைச் சொல்லாமல் போக முடியாது. எதிரியின் சமாதானப் பேச்சை நம்பி ஏமாந்த மக்களின் கதை முதல் நாள் ஓடிக்கொண்டிருந்தபோதே, ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு அவசரச் செய்தி வந்தது. எகிப்தும் இஸ்ரேலும் கேம்ப் டேவிட் சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்ட செய்திதான் அது! பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதை நம்புவது என்று குழம்பியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கதையின் கரு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஓர் இனமே அழிந்திருக்கிறது. பிழைத்தவர்கள் ஒவ்வொருவரும் தாயை, பிள்ளையை, ஊரை இழந்தவர்கள். ஆனால் 1978-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சியால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. கோள்கள் எரிந்த அதே முதல் கதையிலேயே மக்கள் கரிலான் என்ற கோளில் இறங்கிச் சூதாட்ட விடுதியில் கும்மாளம் போடுகிறார்கள். அழ வேண்டியவர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அதன்பின் வாரம் ஒரு கோள், வாரம் ஒரு சாகசம் என்று தொடர் நடந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்துத் தொடர் அது. தொலைக்காட்சி நிலையம் எதிர்பார்த்ததும் அதைத்தான். பார்க்க அழகாக இருந்தது, நடிகர்கள் மனத்தைக் கவர்ந்தார்கள், 1979-இல் ஒரே பருவத்தோடு நின்றும் போனது.

சொந்தக்காரரே எடுத்த தொடர்ச்சி

நின்ற தொடரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ரசிகர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பலன் கிடைத்தது. 1980 ஜனவரியில் ‘கலாக்டிகா 1980’ வந்தது. அதே கிளென் லார்சன், அதே கப்பல், தளபதியாக அதே லோர்ன் கிரீன். மூலத்துக்கு இதைவிட உண்மையாக இருப்பது எப்படி என்றுதான் தோன்றும்.

ஆனால் கதையில் முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கப்பல்கள் பூமியைக் கண்டுபிடித்துவிட்டன. அப்போலோ இல்லை. ஸ்டார்பக் கடைசிப் பகுதியில் மட்டும் தலைகாட்டினார். அவர்களுக்குப் பதிலாக இரண்டு இளைஞர்கள் பறக்கும் மோட்டார் சைக்கிளில் அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு மேல் சுற்றினார்கள். விண்வெளிச் சிறுவர்கள் நம் ஈர்ப்பு விசைக்குப் பழகாததால் எகிறிக் குதித்தார்கள். ஞாயிறு முன்னிரவு நேரத்தில் ஒளிபரப்பானதால் சிறுவர்களுக்குக் கல்வி புகட்டும் செய்திகளும் கட்டாயம் இடம்பெற வேண்டியிருந்தது. பத்துப் பகுதிகளோடு மூட்டை கட்டப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். பெயர் இருந்தது, கப்பல் இருந்தது, படைத்தவரும் இருந்தார். ஆனால் ‘வீடிழந்த மக்கள் எங்கே போவார்கள்?’ என்ற கேள்வி இல்லாமல் போய்விட்டது. பூமியை அடைந்துவிட்ட பிறகு அந்தக் கேள்விக்கு வேலை இல்லை. கலாக்டிகா ரசிகர்களே இன்றுவரை இந்தத் தொடரைக் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறார்கள். உரிமையாளரே எடுத்தாலும் மூலத்தை விட்டு விலக முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அதற்குப் பிறகு அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்தவர் ஒரு நடிகர். பழைய தொடரில் அப்போலோவாக நடித்த ரிச்சர்ட் ஹேட்ச். 1990-களின் பிற்பகுதியில் அவர் கலாக்டிகா நாவல்களை எழுதினார். சொந்தப் பணத்தைப் போட்டு, பழைய நடிகர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, 1999-இல் ஒரு முன்னோட்டப் படமே தயாரித்து ரசிகர் மாநாடுகளில் காட்டினார். பழைய கதை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதே அவர் வாதம். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. உரிமை வைத்திருந்த யுனிவர்சல் அசையவில்லை.

2001-இல் இயக்குநர் பிரையன் சிங்கரும் தயாரிப்பாளர் டாம் டிசான்டோவும் பழைய கதையின் தொடர்ச்சியை எடுக்க முன்வந்தார்கள். அரங்கப் பொருள்கள்கூடத் தயாராகத் தொடங்கிவிட்டன. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் வேலை தள்ளிப்போனது. சிங்கர் ‘எக்ஸ்-மென்’ இரண்டாம் படத்துக்குப் போய்விட்டார். அந்த முயற்சியும் கலைந்தது. ஹேட்சுக்கும் ரசிகர்களுக்கும் கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

மூர் எதை மாற்றினார், எதை விட்டுவைத்தார்?

‘ஸ்டார் டிரெக்’ தொடர்களில் பத்தாண்டு எழுதிப் பழகியவர் ரோனால்ட் டி. மூர். தயாரிப்பாளர் டேவிட் ஐக் அவரை அழைத்தபோது, 2002-இல், பழைய கலாக்டிகாவின் முதல் கதையை மறுபடி போட்டுப் பார்த்தார். நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எதிர்பாராத தாக்குதலில் உலகமே நொறுங்கிப்போன மக்களின் கதை அப்போது வேறு மாதிரித் தெரிந்தது. சிறுவர் சாகசமாகப் பார்த்து மறந்த ஒன்றுக்குள் எவ்வளவு இருட்டு இருந்திருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார்.

அவர் எழுதிய கொள்கைக் குறிப்பு அறிவியல் புனைகதை ரசிகர்களிடையே புகழ்பெற்றது. விண்வெளி நாடகத்தின் பகட்டை எடுத்துவிட்டு இயல்பான கதையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நெற்றி புடைத்த வேற்றுக்கோள் மனிதர்கள் வேண்டாம். புரியாத தொழில்நுட்பச் சொற்களால் சிக்கலை அவிழ்க்கும் வித்தை வேண்டாம். செய்திப் படம் எடுப்பதுபோல் கேமரா கையில் ஆடட்டும். அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸும் விசித்திர உருவங்கள் வந்தால் தாம் விலகிவிடுவதாகச் சொல்லித்தான் சேர்ந்தார்.

2003 டிசம்பர் 8-ஆம் தேதி இரண்டு பகுதிக் குறுந்தொடராக அது சை-ஃபை அலைவரிசையில் வந்தது. மாற்றங்களின் பட்டியல் நீளமானது. பழைய தொடரில் காலத்தை அளக்க ‘சென்டோன்’, ‘யாரென்’ என்ற கற்பனைச் சொற்கள் உண்டு, அவை போயின. எகிப்திய மன்னர் தலைப்பாகையைப் போன்ற விமானிகளின் கவசம் போனது. கோட்டும் கழுத்துப்பட்டியும் வயர் வைத்த தொலைபேசியும் வந்தன. அப்போலோ, ஸ்டார்பக் என்ற பெயர்கள் விமானிகளின் அழைப்புப் பெயர்களாயின. சொந்தப் பெயர்கள் லீ அடாமா, காரா த்ரேஸ். ‘ஃப்ராக்’ என்ற வசைச்சொல்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அது நான்கெழுத்தாக வரும்படி ஓர் எழுத்தைக் குறைத்ததோடு சரி. பழைய தொடரின் சீட்டாட்டத்துக்கும் பந்தாட்டத்துக்கும் இருந்த பெயர்கள் புதிய தொடரில் இடம் மாறியிருப்பதை ரசிகர்கள் விடாமல் கண்டுபிடித்தார்கள். ரசிகர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

எல்லாரும் சண்டை போட்டது ஸ்டார்பக்கைப் பற்றித்தான். பழைய ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட் 2004-இல் கடுமையான ஒரு கட்டுரையே எழுதினார். ஆண்மையைக் கண்டு கூசும் காலம் வந்துவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. ஆனால் ஸ்டார்பக் என்றால் யார்? சுருட்டு புகைப்பவர், சூதாடுபவர், மேலதிகாரியை மதிக்காதவர், வானில் ஏறினால் நிகரில்லாதவர். கேட்டி சாக்காஃப் நடித்த காரா த்ரேஸிடம் இவை அத்தனையும் இருந்தன. பெண் விமானி என்பதுகூடப் புதிதல்ல. 1978 தொடரிலேயே ஆண் விமானிகள் நோயில் விழுந்தபோது பெண்களைப் பயிற்றுவித்துப் போருக்கு அனுப்பும் கதை ஒன்று உண்டு. மூலத்தில் விதை இருந்தது. மூர் தண்ணீர் ஊற்றினார்.

உண்மையில் பெரிய மாற்றம் வேறிடத்தில் நடந்தது. பழைய கதையில் சைலன்களை உருவாக்கியது ஓர் ஊர்வன இனம். அந்த இயந்திரங்களுக்கும் மனிதனுக்கும் உறவில்லை. புதிய கதையில் சைலன்களை உருவாக்கியவன் மனிதனே. வேலைக்காரனாகப் படைத்தான், அது எதிர்த்துப் போரிட்டுப் பிரிந்து போனது, நாற்பது ஆண்டுக்குப் பின் திரும்பி வந்து அழித்தது. வெளியிலிருந்து வந்த எதிரி வீட்டுக்குள் பிறந்த எதிரியாகிவிட்டான். துரோகி பால்டரும் மாறினார். பழையவர் பதவிக்காக இனத்தையே விற்றவர். புதியவர் தன் காதலி சைலன் என்று அறியாமல் பாதுகாப்புக் கணினியின் கதவைத் திறந்துவிட்டவர். அதன்பின் தன் தவற்றை மறைக்க வாழ்நாளெல்லாம் பொய் சொல்பவர். இந்த இரு மாற்றங்களும் கதையின் பொருளையே புரட்டிப்போட்டன. ‘நம்பினால் அழிவோம்’ என்றது பழைய கதை. ‘பிழைக்கத் தகுதி இருக்கிறதா?’ என்று கேட்டது புதிய கதை. மூலத்தை மீறினார் என்று மூர்மீது வழக்குப் போட வேண்டுமானால் இதற்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் எதற்கு உண்மையாக இருந்தார்? பழைய தொடர் எழுப்பிவிட்டுச் சூதாட்ட விடுதியில் மறந்துவிட்ட துயரத்துக்கு. புதிய தொடரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. உயிரோடு இருக்கும் மனிதர்களின் எண்ணிக்கை அதில் எழுதப்பட்டிருக்கும். தொடக்கத்தில் ஐம்பதாயிரம் சொச்சம். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் அதிபர் லாரா ரோஸ்லின் தம் கையாலேயே அழித்து எழுதுவார். ‘33’ என்று பெயரிட்ட முதல் வாரப் பகுதியில் சைலன்கள் 33 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தாக்குகிறார்கள். ஐந்து நாளாக எவருக்கும் தூக்கமில்லை. கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி எழுதுகிறார் ரோஸ்லின். அந்தப் பகுதி 2005-இல் ஹியூகோ விருது பெற்றது. வெடியும் புகையும் எத்தனையோ தொடர்களில் உண்டு. இந்தக் கூட்டல் கணக்குக்குக் கிடைத்த விருது அது என்றே சொல்லலாம்.

பூமியைத் தேடிப் போகும் வாக்கும் அப்படியே இருக்கிறது. பழைய அடாமா பூமி இருக்கிறது என்று நம்பிச் சொன்னார். புதிய அடாமா, உறவுகளைப் புதைத்துவிட்டு நொந்து நிற்கும் மக்கள் முன்னால் ‘பூமிக்கு வழி எனக்குத் தெரியும்’ என்கிறார். அது பொய். மனிதன் உயிர் வாழச் சோறும் காற்றும் போதாது, போய்ச்சேர ஓரிடமும் வேண்டும் என்பதால் சொன்ன பொய். வாக்கு ஒன்றே, சுமை வேறு.

கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய கதை தொடங்கும்போது கலாக்டிகா ஓய்வு பெற்று அருங்காட்சியகமாகப் போகிறது. பழைய தொடரில் வந்த வடிவிலான சைலன் உருவம் அங்கே காட்சிப் பொருளாக நிற்கிறது. சைலன்கள் தாக்கும்போது நவீனக் கப்பல்கள் எல்லாம் செயலிழக்கின்றன. அவற்றின் கணினிகள் வலையில் இணைக்கப்பட்டிருந்ததே காரணம். கணினிகளை இணைக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்த கிழட்டுத் தளபதியின் கிழட்டுக் கப்பல் மட்டும் தப்புகிறது. காட்சிக்கு வைத்திருந்த பழைய வைப்பர் விமானங்களைத் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த விமானங்களின் வடிவம் 1978 தொடரில் வந்த வடிவத்தை ஒட்டியது. பழையதைக் கேலி செய்யாமல், பழையதே காப்பாற்றியது என்று கதையாகவே எழுதிவிட்டார்கள். மூலத்துக்குச் செலுத்தும் மரியாதையை இதைவிட அழகாகச் செய்வது கடினம்.

ஒரே கதை, இரண்டு கெய்ன்

மூலத்திலிருந்து எடுப்பது எப்படி என்பதற்குப் பெகாசஸ் கதையைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். 1978-இல் இரண்டு பகுதியாக வந்த கதை அது. அழிந்துவிட்டதாக நினைத்த இன்னொரு போர்க்கப்பலான பெகாசஸ் திடீரென எதிர்ப்படுகிறது. அதன் தளபதி கெய்னாக நடித்தவர் லாயிட் பிரிட்ஜஸ். கெய்ன் அஞ்சா நெஞ்சன். ஓடுவது அவருக்குப் பிடிக்காது. அடாமாவின் எச்சரிக்கையை மீறிச் சைலன்களோடு மோதி, கடைசியில் இரண்டு பெருங்கப்பல்களை எதிர்த்துப் போய் மறைகிறார். என்ன ஆனார் என்பது தெரியாமலே கதை முடிகிறது. ரசிகர்கள் இன்றும் விரும்பும் கதை.

2005-இல் மூரின் குழு அதையே எடுத்தது. பெகாசஸ் வருகிறது, கட்டியணைத்து அழுகிறார்கள், பிறகு உண்மை மெல்ல வெளிவருகிறது. மிஷெல் ஃபோர்ப்ஸ் நடித்த பெண் கடற்படைத் தலைவர் கெய்ன், கட்டளைக்குப் பணியாத தம் துணைத் தளபதியைச் சுட்டுக் கொன்றவர். வழியில் கண்ட பொதுமக்கள் கப்பல்களைப் பாகம் பாகமாகக் கழற்றிக்கொண்டு, பயன்படும் ஆள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவர்களை விண்வெளியில் விட்டுவிட்டு வந்தவர். சிறைப்பட்ட சைலன் பெண் அவர் கப்பலில் சித்திரவதை செய்யப்படுகிறாள். ஒரு கட்டத்தில் அடாமாவும் கெய்னும் ஒருவரையொருவர் கொல்ல ஆள் ஏற்பாடு செய்யும் நிலை வருகிறது.

கவனித்தால் மூர் புதிதாக எதையும் திணிக்கவில்லை என்பது புரியும். அஞ்சாத, ஓடாத, எவர் சொல்லையும் கேட்காத தளபதி என்பது பழைய கதையிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் மக்களைக் காக்கும் பொறுப்பில் இருந்தால் என்ன ஆகும் என்று ஓர் அடி கூடுதலாக நடந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். கம்பரும் வால்மீகியின் கதையைத்தான் சொன்னார். ஆனால் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கவில்லை, பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்தான் என்று மாற்றினார். கம்பர் கதையைக் கெடுத்தார் என்று சொல்வோர் எத்தனை பேர்?

இழந்தவை இழந்தவையே

இதைச் சொல்லும்போது பழைய ரசிகர்களை அசடர்களாகக் காட்டுவது நியாயமாகாது. அவர்களுக்குக் கிடைத்ததை விட இழந்தது அதிகமாக இருக்கலாம். பழைய தொடரில் ஒரு பாசம் இருந்தது. தந்தை மகனை நம்பினார், நண்பன் நண்பனுக்காக உயிரைக் கொடுத்தான். அடாமாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரு மேசையில் உட்கார்ந்தது. புதிய அடாமாவும் மகனும் முதல் நாளிலேயே முறைத்துக்கொள்கிறார்கள். துணைத் தளபதி டை பெருங்குடிகாரர். பத்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய கதை பிள்ளை தூங்கிய பிறகு பார்க்க வேண்டிய கதையாகிவிட்டது. அந்தப் பத்து வயதுப் பிள்ளையாக 1978-இல் இருந்தவர்கள்தாம் 2003-இல் கூச்சலிட்டவர்கள். தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று காத்திருந்தவர்களின் ஏமாற்றம் பொய்யல்ல.

சமய விஷயமும் அப்படித்தான். கிளென் லார்சன் மார்மன் சமயத்தவர். பன்னிருவர் மன்றம், கோபோல் என்ற தாய்க்கோள் என்று அந்தச் சமயத்தின் சாயல்களைக் கதையில் வைத்திருந்தார். மூர் கோபோலையும் பன்னிருவரையும் வைத்துக்கொண்டு, மனிதர்கள் பல தெய்வங்களை வணங்குவதாகவும் சைலன் இயந்திரங்களே ஒரே இறைவனை நம்புவதாகவும் எழுதினார். இதைப் பலர் ரசித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். நம்மவர்களுக்கு ஒரு சுவையான செய்தி: அந்தத் தொடரின் முகப்பு இசையில் ஒலிப்பது காயத்ரி மந்திரம்!

வேறு வழிகளும் உண்டு. இங்கிலாந்தின் ‘டாக்டர் ஹூ’ 2005-இல் திரும்பியபோது ரஸ்ஸல் டி டேவிஸ் எதையும் அழிக்காமல் பழைய கதையைத் தொடர்ந்தார். நாயகனே உருமாறிக்கொள்ளும் கதை என்பதால் அது எளிதாயிற்று. 2009-ஆம் ஆண்டு ‘ஸ்டார் டிரெக்’ படத்தில் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் தந்திரமான வழியைப் பிடித்தார். பழைய ஸ்போக்காக லியோனார்ட் நிமோயையே அழைத்து வந்து, காலம் இரண்டாகக் கிளை பிரிந்துவிட்டது என்று காட்டி, பழைய கதையும் அப்படியே இருக்கிறது, புதியதும் இருக்கிறது என்று இருதரப்பையும் சமாதானப்படுத்தினார். படம் நன்றாக ஓடியது. ஆனால் நிதானமாகப் பேசி முடிவெடுக்கும் பழைய ஸ்டார் டிரெக்கின் குணம் அதில் ஓட்டத்திலும் வெடியிலும் கரைந்துவிட்டது. உருவத்தைக் காப்பாற்றிக் குணத்தை விட்டது என்று சொன்னால் அதன் ரசிகர்கள் கோபிப்பார்கள்; சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஹேட்ச் ஏறிய மேடை

புதிய தொடரை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் ரிச்சர்ட் ஹேட்சும் ஒருவர். எத்தனையோ ஆண்டு உழைப்பை ஒரே நாளில் இன்னொருவரிடம் பறிகொடுத்தவர். மூர் அவரை அழைத்து ஒரு பாத்திரம் கொடுத்தார். பழைய முகத்தைக் காட்டி ரசிகர்களிடம் கைதட்டல் வாங்கும் சின்ன வேடம் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். டாம் ஸாரெக் என்ற அந்தப் பாத்திரம் இருபது ஆண்டு சிறையில் கிடந்த அரசியல் கைதி. அரசின் பார்வையில் பயங்கரவாதி, மக்களில் சிலர் பார்வையில் தியாகி. சிறைக்கப்பலைக் கைப்பற்றி, பேச வந்த புதிய அப்போலோவைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்கிறான். தேர்தல் வேண்டும் என்கிறான். ‘உங்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?’ என்பதுதான் அவன் கேள்வி.

பழைய அப்போலோ புதிய அப்போலோவின் முகத்துக்கு நேரே அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, கதைக்குள்ளும் கதைக்கு வெளியிலும் ஒரே நேரத்தில் அது ஒலித்தது. புதிய அப்போலோ அதற்குப் பணிந்து, தேர்தல் நடத்த வாக்களிக்கிறார். ஹேட்ச் அந்த வேடத்தைக் கடைசிப் பருவம் வரை செய்தார். ஸாரெக் துணை அதிபராகி, கலகம் செய்து, சுடப்பட்டு இறக்கிறான். நடிகராகத் தமக்குக் கிடைத்த சிறந்த வாய்ப்புகளில் ஒன்றாக அதை மதித்தார் ஹேட்ச். 2017-இல் அவர் காலமானபோது அப்போலோவையும் ஸாரெக்கையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார்கள்.

‘டைம்’ இதழ் 2005-இல் ஆண்டின் சிறந்த தொடராக இதைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாம் பருவத்தில், 2006-இல், சைலன் ஆக்கிரமிப்பில் சிக்கிய மனிதர்களே தற்கொலைத் தாக்குதல் நடத்தும் கதையை எழுதினார்கள். ஈராக்கில் அமெரிக்கப் படை நின்றிருந்த நேரம் அது. 2009 மார்ச் 17-ஆம் தேதி நியூயார்க்கில் ஐக்கிய நாட்டு நிறுவனத் தலைமையகத்திலேயே மனித உரிமை, பயங்கரவாதம், சமரசம் பற்றி மூர், ஐக், ஓல்மோஸ், மேரி மெக்டோனல் நால்வரையும் அமர்த்திக் கலந்துரையாடல் நடந்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 20-ஆம் தேதி, தொடர் முடிந்தது. கடைசிப் பகுதியில் கப்பல்கள் எல்லாம் சூரியனை நோக்கி அனுப்பப்படும்போது ஒலித்தது 1978 தொடருக்கு ஸ்டூ பிலிப்ஸ் அமைத்த பழைய இசை.

2019-இல் கலாக்டிகாவை மீண்டும் எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. எழுத்தாளர், இயக்குநர் சாம் எஸ்மெயிலின் பெயர் அடிபட்டது. மூரின் தொடரைத் திரும்ப எடுக்கப் போவதில்லை, அதே உலகில் வேறு கதை என்று அவர் சொன்னார். ‘பீகாக்’ இணைய ஒளிபரப்பு நிறுவனம் 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. அந்த ஐந்து ஆண்டும் கவலைப்பட்டவர்கள் பெரும்பாலும் 1978-ஆம் ஆண்டு ரசிகர்கள் அல்லர். எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் இல்லாமல் அடாமாவா, கேட்டி சாக்காஃப் இல்லாமல் ஸ்டார்பக்கா என்பதே கேள்வியாக இருந்தது. மூலம் எது என்று கேட்டால் இப்போது பலருக்கு 2003-தான் மூலம்.